பழைய சம்பந்தி

டிரைவரம்மாவின் பிழைப்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடந்தது. நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. பணி ஓய்வு பெற்று இறங்கியபோது மகளுக்கு ஒரு கல்யாணம் ஆகி, அது முறிந்து, இரண்டாவதும் ஆகியிருந்தது. ஊரில் பாதிப்பேரை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டவள். ஆனால் நடை என்று பார்த்தால், வண்டியிலிருந்து டெப்போ அறை வரைக்கும்தான். அதற்கே மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்டவள், யாத்திரைப் பாதையில் முழுத்தூரமும் நடந்து மலைமேல் இருக்கிற சன்னிதிக்குப் போகப்போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, நீயா? தெருமுனைக் கடைக்குப் போகவே வண்டி தேடுற ஆளு!"

"அதான் போறேன்."

"கால் வலிச்சா?"

"வலிக்கட்டும். இத்தனை வருஷம் சும்மாதானே தொங்கிட்டிருந்துச்சு."

காரணம் இருந்தது. மகள் கருவுற்றிருந்தாள். முதல் கல்யாணத்தின்போது ஒரு தடவை தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை நல்லபடியாக நிற்கவேண்டும் என்று டிரைவரம்மா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டுதலை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட, "ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டுல நாலு சுவத்தையும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்குதும்மா" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதல் வாரம் படாத பாடு பட்டாள். பாதங்களில் கொப்புளம், தோளில் பைப்பட்டையின் தடம். பின்னால் யாராவது வந்தால் சைடு மிரரைத் தேடி இடமும் வலமும் தலை திரும்பும். அப்புறம்தான் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று ஞாபகம் வரும். போகப்போகக் கால் பழகிவிட்டது. வழிகாட்ட அங்கங்கே நீலப்பட்டை அடித்த கற்கள் நட்டிருந்தார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டு நடந்தாள். பேருந்து நிறுத்தங்களைப் போலத்தான். என்ன, இங்கே ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. வயல், தொழிற்சாலை மதில், சின்னச் சின்ன ஊர்கள், பாலங்கள் என்று ஒரு மாதத்துக்குமேல் கடந்து, கடைசிக் கட்டத்துக்கு முந்தைய விடுதிக்கு ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தாள். மறுநாள் மலையேறினால் சன்னிதி.

விடுதிப் பொறுப்பாளர், "ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம். ஜன்னலோரம், கீழ்த்தட்டு" என்று ஒரு போர்வையைக் கையில் கொடுத்தார். கீழ்த்தட்டு கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று அவள் உள்ளே போனாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்மணி வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டையாக வெட்டிய நரைமுடி. மூக்கில் தடித்த சட்டம் போட்ட கண்ணாடி. காலடிச் சத்தம் கேட்டுத் தலை தூக்கினாள்.

டிரைவரம்மா பிரேக் போட்டமாதிரி நின்றாள். கண்ணாடிக் கடைக்காரம்மா! மகளின் முதல் மாமியார். பழைய சம்பந்தி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி வாளியைப் பார்த்தாள், இன்னொருத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

ஒரு காலத்தில் இந்த இரண்டு பேரும் இப்படியா இருந்தார்கள்? கடைக்காரம்மாவின் கண்ணாடிக் கடை, டிரைவரம்மா ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் டிரைவரம்மா ரோட்டைக் கடந்து கடைக்குள் நுழைவாள். "வாங்க சம்பந்தி, டீ ஆறுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கண் பரிசோதனைக்குப் போட்டிருக்கும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டிரைவரம்மா அன்றைக்கு வண்டியில் நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். கடைக்காரம்மா ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டே சிரிப்பாள்; சிரித்துச் சிரித்துத் திருகாணியைக் கீழே விட்டுவிட்டு இரண்டு பேரும் தரையில் கைவைத்துத் தேடுவார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஊர்க்கதை, உடம்பு வலி, வீட்டுக்காரர்களின் குறட்டை.

பிறகு பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகவில்லை. யார்மேலும் பெரிய குற்றம் சொல்லமுடியாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கமான பிள்ளைகள், ஒரே வீட்டில் வைத்தால் முள்ளும் துணியும். கடைசியில் வக்கீல் அலுவலகம் வரைக்கும் போயிற்று. அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் பெரியவர்கள் வாய்விட்டார்கள். "பொண்ணைப் பெத்தா மட்டும் போதாது, வளர்க்கவும் நேரம் வேணும்" என்றாள் கடைக்காரம்மா. "ஊருக்கெல்லாம் பார்வை குடுக்குறீங்க, சொந்தப் பையனைப் பார்க்கத் தெரியல" என்றாள் டிரைவரம்மா. இரண்டும் குறி தவறாமல் பட்டன. அதற்கப்புறம் டிரைவரம்மா டெப்போவில் கேட்டு வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சு நின்றே போயிற்று.

விடுதியின் பொதுச் சமையலறையில் நீள மேசையின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி என்று உட்கார்ந்து சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் நல்ல மனுஷர். வாயை மூடத் தெரியாதவர். இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா எந்த ஊர்?" என்றார். பதில் கிடைத்ததும் அந்தப் பக்கம் திரும்பி, "அட, நீங்களும் அதே ஊர்தானே சொன்னீங்க! இவ்வளவு தூரம் வந்து ஊர்க்காரங்களைப் பார்க்கிறது எப்பேர்ப்பட்ட விஷயம்! பேசிக்கலையா?" என்று கேட்டார்.

"ஊரு பெருசு" என்றாள் கடைக்காரம்மா.

"ரொம்பப் பெருசு" என்றாள் டிரைவரம்மா.

அந்த அளவுக்காவது இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் டிரைவரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இத்தனை நாள் நடந்துவிட்டு, சன்னிதியில் போய் அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்று வேண்டுதலைச் சொல்ல அவளால் முடியாது. முன்னாலேயே போய், முன்னாலேயே இறங்கிவிட்டால் நல்லது என்று நினைத்தாள்.

மலையில் மூடுபனி கட்டியிருந்தது. நீலப்பட்டைக் கல் பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. ஏற்றம் செங்குத்தாக இல்லை, ஆனால் விடாமல் இருந்தது. முதல் கியரில் போகிற வண்டிமாதிரி, நின்றுவிடாமல் மெதுவாக ஏறினாள். பாதை ஓர் இடத்தில் வலதுபக்கம் வளைந்தது. நேராகப் போனால் முன்பெல்லாம் பழைய பாதை இருந்திருக்கும்போல. மழையில் மண் சரிந்து வெறும் பள்ளமாகக் கிடந்தது. எச்சரிக்கைக்குக் கட்டிய கயிறு அறுந்து புல்லில் கிடந்தது. வளைவைத் தாண்டி ஒரு பாறையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, கட்டைவிரல் கொப்புளத்துக்குப் போட்டிருந்த துணிக்கட்டை மாற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

கீழேயிருந்து கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. நாலு தட்டு, ஒரு நிறுத்தம். நாலு தட்டு, ஒரு நிறுத்தம். பனிக்குள்ளிருந்து உருவம் வெளியே வந்தது. கடைக்காரம்மாதான். கண்ணாடி இல்லை. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். வளைவு வந்தது, அவள் வளையவில்லை. நேராகப் போனாள்.

"சம்பந்தி!"

டிரைவரம்மா கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் எழும்பின.

"சம்பந்தி, அங்கயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

கடைக்காரம்மா அப்படியே சிலையாக நின்றாள். டிரைவரம்மா ஒரு காலில் காலணியும் மறுகாலில் பாதிக் கட்டுமாக ஓடிப்போய் அவள் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். காலடியிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"கண்ணாடி எங்க?"

"உடைஞ்சு போச்சு."

"எப்படி?"

கடைக்காரம்மா கொஞ்சம் தயங்கினாள். "பனியில மங்கலாச்சு. துடைக்கலாம்னு கழட்டிப் பக்கத்துல வெச்சேன். துணியைத் தேடி எந்திரிச்சேன்." அப்புறம் சின்னக் குரலில், "திரும்ப உட்கார்ந்தேன்" என்றாள்.

"அது மேலயேவா?"

"கழட்டினா டப்பாவுல வைங்க, டப்பாவுல வைங்கன்னு காலமெல்லாம் ஊருக்குச் சொல்லிட்டிருக்கேன், சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல."

"எனக்குக் கண்ணுதான் தெரியல, காது நல்லாக் கேக்குது."

டிரைவரம்மாவுக்கு அதற்குமேல் அடக்கமுடியவில்லை. உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

"இன்னொண்ணு எடுத்துட்டு வரலையா? கடை நிறைய வெச்சிருக்கீங்களே!"

"வெச்சிருந்தேன். பை கனமா இருக்குன்னு பாதி வழியில சாமானையெல்லாம் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பினேன். அதோட அதுவும் போயிடுச்சு."

"கண்ணாடி ஒரு கனமா?"

"அந்த நேரத்துல பல்லுக்குச்சி கூடக் கனமாத்தான் இருந்துச்சு."

திரும்ப விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போவதா, மேலே போவதா என்று டிரைவரம்மா யோசித்தாள். "கீழ போயிடலாமா?" என்று கேட்டும் பார்த்தாள். கடைக்காரம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல நின்னு திரும்பிப் போறதா? நீங்க போங்க. நான் யாராவது வந்தா அவங்களோட வரேன்."

"யாராவதுன்னா யாரு? அந்தப் பேக்கரிக்காரரா? அவரு பேசுற பேச்சுல நீங்க தானாவே பள்ளத்துல குதிச்சுடுவீங்க." டிரைவரம்மா காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "என் பைப்பட்டையைப் பிடிச்சுக்குங்க. நான் சொல்றபடி கால் வைங்க."

இப்படித்தான் கடைசித் தூரம் ஆரம்பித்தது. டிரைவரம்மா முன்னால், பட்டையைப் பிடித்துக்கொண்டு கடைக்காரம்மா பின்னால். "வலது பக்கம் வளைவு வருது. இப்போ வேர் ஒண்ணு, காலைத் தூக்குங்க. இனிமே சமதரை. முன்னாடி ஈரம், வழுக்கும், மெதுவா." தன் வாழ்நாளில் ஒரு டிரிப்பில் இவ்வளவு பேசியதில்லை என்று அவளுக்கே தோன்றியது.

"பஸ்ஸுல நீங்க வாயே திறக்கமாட்டீங்களே" என்றாள் கடைக்காரம்மா.

"ஓட்டுநருடன் பேசாதீர்னு தலைக்கு மேல எழுதி வெச்சிருப்பான். அப்புறம் எங்க பேசுறது?"

கொஞ்ச தூரம் ஏறினார்கள். பனி மேலே எழும்ப ஆரம்பித்திருந்தது.

"அந்தப் படிக்கட்டுல நான் சொன்னது…" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"படி வருது, பார்த்து" என்றாள் டிரைவரம்மா. உண்மையிலேயே கல்லில் வெட்டிய படிகள் வந்திருந்தன. ஏறி முடித்த பிறகு, "நானும் ஒண்ணும் சும்மா வரலையே. திருப்பிக் குடுத்துட்டுத்தானே வந்தேன்" என்றாள்.

"குடுத்தீங்க. இன்னும் வலிக்குது."

"எனக்கும்தான்."

"ஒண்ணு கேக்கட்டுமா? பிள்ளைங்க பிரிஞ்சாங்க, சரி. அவங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நாம எதுக்குப் பிரிஞ்சோம்?"

டிரைவரம்மா நின்றுவிட்டாள். பட்டையைப் பிடித்திருந்தவள் வந்து முதுகில் இடித்தாள்.

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்யாணம் முறிந்தபோது சொந்தக்காரர்கள் வந்தார்கள், டெப்போவிலிருந்து வந்தார்கள், எல்லாரும் மகளைப் பற்றி விசாரித்தார்கள். வேறு தடத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு, டிரிப் முடிந்ததும் இருக்கையிலேயே உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தவளை, உனக்கு என்ன குறை என்று யார் கேட்பார்கள்? கேட்டாலும் என்னவென்று சொல்வது? மகள் வாழ்க்கையை இழந்து நிற்கும்போது, எனக்குப் பேச்சுத்துணை போய்விட்டது என்றா அழமுடியும்? வீட்டுக்காரரிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"தெரியல சம்பந்தி" என்றாள். பிறகு, இதையும் சொல்லாமல் மேலே ஏறமுடியாது என்று பட்டது. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆச்சு."

"கேள்விப்பட்டேன்."

"இப்போ முழுகாம இருக்கா."

பட்டையில் இருந்த கை தளர்ந்தது. டிரைவரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த முதல் கரு கலைந்த அன்றைக்கு டிரைவரம்மா ஊரின் அந்தக் கோடியில் வண்டியோடு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு ஓடியவள் இந்த அம்மாதான். ஆஸ்பத்திரியில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் இவள்தான். அழுதவள்கூட இவள்தான் என்று மகள் பிற்பாடு சொன்னாள். அது இவளுடைய பேரப்பிள்ளையாக வந்திருக்கவேண்டியது. இப்போது வரப்போவது இவளுக்கு யாரோ.

கை மறுபடி பட்டையை இறுக்கிப் பிடித்தது.

"எத்தனை மாசம்?"

"ஏழு நடக்குது."

"வாந்தி நின்னுடுச்சா?"

"அது அஞ்சுலயே நின்னுச்சு."

"ஏழு தாண்டிடுச்சுன்னா கவலையில்ல." என்றாள் கடைக்காரம்மா. "மல்லாந்து படுக்காம, ஒருக்களிச்சே படுக்கச் சொல்லுங்க. சொன்னாக் கேக்கமாட்டா. நான் சொன்னேன்னு சொல்லுங்க. இல்ல, வேணாம். நீங்களே சொல்ற மாதிரி சொல்லுங்க."

டிரைவரம்மா அப்போதுதான் திரும்பினாள். கடைக்காரம்மா முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாததும் நல்லதாப் போச்சு. அதை வேற துடைக்கணும்."

"மாப்பி… உங்க பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான். சமைக்கக் கத்துக்கிட்டான். நல்லாவே செய்றான். அப்பவே கத்துக்கிட்டிருந்தா என்னன்னு எனக்கு ஆத்திரமா வரும். கல்யாணம்னு வாயெடுத்தா எழுந்து பாத்திரம் கழுவப் போயிடுறான். அவனுக்கு ஒரு வழி பிறக்கட்டும்னுதான் நடந்தேன்."

"நான் இவளுக்காக."

"நமக்காக யாராவது நடக்குறாங்களா பாருங்க" என்றாள் கடைக்காரம்மா. மறுபடி சிரிப்பு வந்தது.

உச்சிக்கு முந்தைய மேட்டில் பனி முழுக்க விலகிவிட்டது. சன்னிதியை முதன்முதலில் பார்க்கிற இடம் அது. முன்னால் போனவர்கள் அங்கே நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள், சிலர் மண்டியிட்டிருந்தார்கள், ஒருவர் பையை வீசிவிட்டு மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தெரியுதா? என்ன தெரியுது? எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. சொல்லுங்களேன்."

டிரைவரம்மாவுக்கு வர்ணிக்க வராது. கண்ணில் பட்டதைச் சொன்னாள். "வெள்ளைச் சுவரு ஒண்ணு. அதுக்குப் பின்னால ஒரு தண்ணி டேங்க். உண்மையைச் சொன்னா டேங்க்தான் பெருசாத் தெரியுது. வாசல்ல வரிசை நிக்குது. படிக்கட்டுல ஒரு நாய் படுத்திருக்கு, எல்லாரும் அதைச் சுத்திப் போறாங்க. யாரும் எழுப்பல."

"எழுப்பலையா?"

"இல்ல. நிம்மதியாத் தூங்குது."

"அது போதும்" என்றாள் கடைக்காரம்மா. "வாங்க."

உள்ளே நெரிசலில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். எந்த முகத்துக்குப் பக்கத்தில் நிற்கமுடியாது என்று காலையில் நினைத்தாளோ, அந்த முகம் காதோடு காதாக இருந்தது. மகளுக்காக என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தவளுக்கு, தன் முறை வந்தபோது வார்த்தை எதுவும் வரவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. பக்கத்தில் முணுமுணுவென்று வேண்டுதல் கேட்டது. காதில் விழக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனாலும் விழுந்தது. கடைக்காரம்மா தன் பையனுக்காகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, டிரைவரம்மாவின் மகள் பெயரையும் சொல்லி, "அவளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்" என்றாள்.

வெளியே வெயிலில் சுவரோரம் உட்கார்ந்து டிரைவரம்மா மகளுக்குப் போன் போட்டாள்.

"வந்து சேர்ந்துட்டேன்டி. ம்… கால் இருக்கு, ரெண்டும் இருக்கு. கூட யாரு வந்திருக்கா தெரியுமா? உங்க அத்தை… இந்த அத்தை இல்ல. கண்ணாடிக் கடை அத்தை."

டிரைவரம்மா அவசரப்பட்டுவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் கடைக்காரம்மா எழுந்து போகப் பார்த்தாள்.

"போனை அவங்ககிட்ட குடும்மா" என்றாள் மகள்.

கடைக்காரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்… ம்… இல்லம்மா, அதெல்லாம் போகட்டும்… நானும்தான்…" என்றாள். பிறகு திடீரென்று குரலில் பழைய கண்டிப்பு வந்தது. "ஒருக்களிச்சுத்தானே படுக்குற? பொய் சொல்லாதே, எனக்குத் தெரியும் உன்னை."

இரண்டு மாதம் கழித்து மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டிரைவரம்மாவும் புதுச் சம்பந்தியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரம்மா ஒரு கூடை ஆரஞ்சுப்பழத்தோடு வந்து, அறைக்குள் போகலாமா கூடாதா என்று தெரியாமல் கதவோரம் நின்றாள்.

புதுச் சம்பந்தி நல்ல மாதிரி. ஆனால் எல்லாவற்றுக்கும் உறவுமுறை தெரிந்தாகவேண்டும் அவளுக்கு. டிரைவரம்மாவின் காதருகில் குனிந்து, "இவங்க யாரு? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

டிரைவரம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "என் கூட நடந்தவங்க" என்றாள். "வாங்க, உட்காருங்க."

"எங்க நடந்தீங்க?" என்றாள் புதுச் சம்பந்தி.

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். மூடுபனியிலிருந்து தொடங்கவேண்டும் என்றாள் ஒருத்தி. இல்லை, அந்தப் பேக்கரிக்காரரிலிருந்து தொடங்கவேண்டும் என்றாள் இன்னொருத்தி. சத்தம் கேட்டு நர்ஸ் வெளியே வந்து, "பெரியவங்களே, உள்ள குழந்தை தூங்குது" என்று சொல்லும்வரை அவர்கள் மலையடிவாரத்தைக்கூடத் தாண்டவில்லை.